கென்யா கண்டு வந்தோம்

நம் சங்கத்து அன்பர்கள் எங்களை எங்கே கண்டாலும், "ஆப்பிரிக்கா போய் வந்தீர்களாமே, சிங்கம் பார்த்தீர்களா?" என்றே கேட்கின்றனர். பார்க்கவில்லை. ஓடும் வண்டியின் சாளரத்தின் வழியே வரிக்குதிரைக் கூட்டம் ஒன்றையும் எட்டு யானைகளையும் பார்த்தோம். சிங்கம் மட்டும் எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. இதைச் சொன்னவுடன் கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தோன்றும். பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். பயண அனுபவங்களை எழுதித் தருமாறு இதழாசிரியர் பலமுறை கேட்டும் நாங்கள் காலம் தாழ்த்தியே வந்தோம். எழுதத் தொடங்கினால் ஒரு செய்தியை மறைக்காமல் எழுதியாக வேண்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

எங்கள் தங்கையின் கணவர் மொம்பாசாத் துறைமுக நகரில், தேயிலையைக் கலந்து சிப்பம் கட்டும் ஒரு கிடங்கில் கணக்கராக இருக்கிறார். "அண்ணா, குழந்தையை அழைத்துக்கொண்டு ஒருமுறையேனும் வாருங்கள்" என்று தங்கை ஆண்டுதோறும் அழைப்பாள். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் கல்யாணிலிருந்து கும்பகோணம் போய் வருவதே ஒரு பெருஞ்செயல். அதற்காவது இலவசப் பாஸ் உண்டு. கடலைத் தாண்டப் பாஸ் ஏது? முடிவில் எங்கள் மகளின் விமானச் சீட்டை மைத்துனரே வாங்கி அனுப்பிவிட்டார். மற்ற இரண்டு சீட்டுகளுக்குச் சேமநிதியில் முன்பணம் வாங்கினோம். துறையின் அனுமதிக் கடிதம் பெற்று, மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில் மும்பையில் விமானம் ஏறினோம். அந்த ஊசி போட்டுக்கொண்டு பத்து நாட்களாவது கழியவில்லையானால், திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமையில் இருத்திவிடுவார்கள். ஆகையால் கென்யா போக எண்ணும் அன்பர்கள் அதனை முதலிலேயே முடித்துக்கொள்வது நலம்.

எங்கள் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆப்பிரிக்காவைப் பற்றி அவள் அறிந்தவை பாடப்புத்தகத்தில் உள்ள பாலைவனம், நைல் நதி, தொலைக்காட்சியில் காட்டும் விலங்குகள் ஆகியவையே. பெற்றோராகிய நாங்கள் அறிந்ததும் அதற்கு மேல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு அஞ்சி மூவருக்கும் மெல்லிய பருத்தி உடைகளையே எடுத்து வைத்திருந்தோம். நைரோபியில் இறங்கியவுடன் குளிர் எங்களைத் தாக்கியது. அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாசாய் மக்களின் மொழியில் அதன் பெயருக்கே குளிர்ந்த நீர் என்று பொருளாம். எங்கள் துணைவியார் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பூகோளம் படித்தவர்கள் நீங்கள்தாமே?" என்று கேட்டார்கள். மெட்ரிகுலேஷனில் பூகோளத்தில் நாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத வேண்டியதில்லை.

விமான நிலையத்தில் இன்னொரு வியப்பு காத்திருந்தது. கென்யாவில் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. விற்றாலும் வைத்திருந்தாலும் கடுந்தண்டனை உண்டு. இதனைத் தங்கை முன்பே எழுதியிருந்ததால் அப்பளம், வடகம், புளி ஆகியவற்றையெல்லாம் கல்யாண வீடுகளில் சேர்ந்த மஞ்சள் துணிப்பைகளில் முடிந்து கொண்டு சென்றிருந்தோம். சுங்க அதிகாரி ஒரு பையைத் தூக்கிப் பார்த்து, துணியைத் தடவி, "நல்ல பை" என்றார். பத்து நாட்களில் எங்கள் பெட்டிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுவே.

மைத்துனரின் நண்பர் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கி நைரோபியைச் சுற்றினோம். உயர்ந்த கட்டிடங்கள், நெரிசல், மட்டாட்டு எனப்படும் சிற்றுந்துகள் எல்லாம் உண்டு. மட்டாட்டுகளின் உடலெங்கும் வண்ணப் படங்கள். உள்ளே காது செவிடுபடும் பாட்டு. தெரு ஓரத்தில் ஒரு மூதாட்டி கரி அடுப்பில் சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சில்லறை தேடித் தடுமாறியபோது அவர் ஒரு பழைய பொத்தான் கைப்பேசியைக் காட்டினார். பணத்தை அதற்கே அனுப்பலாமாம். எம்-பெசா என்னும் இம்முறை கென்யாவில் 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் யு.பி.ஐ. வந்தது 2016இல். வங்கிக் கணக்கும் வேண்டா, விலையுயர்ந்த கைப்பேசியும் வேண்டா. தெருமுனை முகவரிடம் பணத்தைக் கட்டினால் எந்த மூலையிலிருக்கும் தாய்க்கும் மகன் அனுப்பிவிடலாம். "இதை நம்மிடமிருந்து கற்றார்களா, அப்பா?" என்று எங்கள் மகள் கேட்டாள். நாங்கள் ஆண்டுகளைச் சொன்னோம். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் சோளத்தைக் கடித்தாள். பெசா என்ற சொல் மட்டும் நம் நாட்டுப் பைசாவிலிருந்து போனது. சப்பாத்தி, காடி, இலட்சத்தைக் குறிக்கும் லாக்கி ஆகிய சொற்களும் அப்படியே சுவாகிலி மொழியில் வழங்குகின்றன.

அச்சொற்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையை அறிய வேண்டுமானால் நைரோபி ரயில்வே அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டும். ரயில்வேக்காரனுக்கு அது கோயில். 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்விடத்தில், மீட்டர் பாதையில் ஓடிய நீராவி இஞ்சின்களிலேயே மிக வலிமை வாய்ந்த காரட் இஞ்சின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. அவற்றின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைத் துணைவியாரும் மகளும் சிறிதும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை 582 மைல் நீளமுள்ள உகாண்டா ரயில்வேயை ஆங்கிலேயர் 1896இல் தொடங்கி 1901இல் முடித்தனர். அதற்காக இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர் ஏறக்குறைய 32,000 பேர். பெரும்பாலோர் பஞ்சாபியர், கராச்சியிலிருந்து கப்பலேறியவர்கள். கராச்சி வணிகரான ஏ. எம். ஜீவன்ஜி அவர்களைத் திரட்டித் தந்தவர். அவர் பெயரால் நைரோபியின் நடுவில் இன்றும் ஒரு பூங்கா இருக்கிறது. நைரோபி நகரமே 1899இல் இப்பாதைக்காக அமைத்த ஒரு முகாமிலிருந்து வளர்ந்ததுதான். அங்கே போன தொழிலாளரில் நோயாலும் விபத்தாலும் விலங்காலும் இறந்தவர் 2,493 பேர் என்று கணக்கு இருக்கிறது. மைலுக்கு நால்வர். எங்கள் மகள் இதைக் கிலோமீட்டர் கணக்கில் மாற்றித் தரும்படி கேட்டாள். கல்யாணிலிருந்து மும்பை நிலையம் 54 கிலோமீட்டர். அந்தக் கணக்கில், தினமும் நாம் போய்வரும் அத்தூரத்திற்கு 140 பேருக்கு மேல் ஆகிறது. தானே, குர்லா, தாதர் என்று அவள் ஒவ்வொரு நிலையமாக முணுமுணுத்ததை நாங்கள் கேட்டோம்.

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ரயில் பெட்டி உண்டு. 1900ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கீமா நிலையத்தில், ஆட்கொல்லிச் சிங்கத்தைச் சுடுவதற்காக ரயால் என்னும் போலீஸ் அதிகாரி இப்பெட்டியில் காத்திருந்தார். காவல் முறையில் கண் அயர்ந்துவிட்டார். சிங்கம் பெட்டிக்குள் புகுந்து அவரைச் சாளரத்தின் வழியே இழுத்துச் சென்றது. அதற்கு முன் 1898இல், சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் தொழிலாளரைத் தூக்கிச் சென்றன. அவற்றைச் சுட்டுக் கொன்ற பாட்டர்சன் என்னும் பொறியாளர் அதைப் புத்தகமாக எழுதிப் புகழ் பெற்றார். சிங்கங்களின் உடல்கள் இன்று அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இறந்த இந்தியத் தொழிலாளர் 28 பேர் என்று ரயில்வேக் கணக்கில் ஏறியது. அவ்வாறே இறந்த ஆப்பிரிக்கர் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கும் எடுக்கப்படவில்லை.

"எண்ணவே இல்லையா?" என்று எங்கள் மகள் கேட்டாள்.

"இல்லை."

"வெள்ளைக்காரருக்குப் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு எண் இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை" என்றாள் அவள். நாங்கள் முப்பத்தெட்டு வயது வரை கணக்கெழுதிப் பிழைத்தவர்கள். அந்தக் குழந்தைக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை.

பாதை முடிந்தபின் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். சுமார் 6,700 பேர் அங்கேயே தங்கினர். கடை வைத்தனர், ரயில்வேயில் நிலைய அதிகாரிகளாகவும் குமாஸ்தாக்களாகவும் அமர்ந்தனர். வண்டியில் முதல் வகுப்பு வெள்ளையருக்கும், இரண்டாம் வகுப்பு இந்தியருக்கும், மூன்றாம் வகுப்பு ஆப்பிரிக்கருக்கும் என்று வழக்கம் ஏற்பட்டது. சம்பளமும் அந்த வரிசையிலேயே. நடுப்படியில் நின்றவர்களில் எங்கள் இனமாகிய குமாஸ்தா இனம் பெரும்பங்கு. மேலே இருப்பவனைக் கண்டு மனம் புழுங்கிய நம்மவர், கீழே நின்றவனை ஏறிட்டும் பார்க்கவில்லை என்று அந்நாட்டார் சொல்வதில் உண்மை உண்டு. விலக்கும் உண்டு. பஞ்சாபியரான மக்கன் சிங் 1935இல் எல்லா இனத் தொழிலாளருக்கும் இடமளித்த சங்கத்தைக் கட்டினார். 1950இல் நைரோபிக் கூட்டம் ஒன்றில் விடுதலை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அதற்காகப் பதினோரு ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டார். அவர் விடுதலையான பின் இரண்டே ஆண்டுகளில், 1963 டிசம்பர் 12ஆம் தேதி, கென்யா விடுதலை பெற்றது. நாங்கள் போனபோது அறுபதாம் ஆண்டு விழாக் கொடிகள் இன்னும் தெருக்களில் பறந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் காலை மொம்பாசா செல்லும் வண்டியைப் பிடித்தோம். பழைய மீட்டர் பாதைக்குப் பக்கத்தில் 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் சீனக் கம்பெனி ஒன்று புதிய பாதை அமைத்து, 2017 மே 31ஆம் தேதி போக்குவரத்து தொடங்கியது. 472 கிலோமீட்டர் தூரம். சாதாரண வகுப்பில் அப்போது ஆயிரம் ஷில்லிங். நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். (மறுமாதமே ஆயிரத்து ஐந்நூறு ஆக்கிவிட்டார்களாம்.) நிலையம் நகரத்திற்கு வெளியே சியோகிமாவு என்னுமிடத்தில் விமான நிலையம்போல் பளபளக்கிறது. நுழைவதற்கு முன் பயணிகள் தம் மூட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். மோப்ப நாய் வந்து முகர்ந்து பார்க்கும். எங்கள் வடகப் பையினருகே நாய் சற்று அதிக நேரம் நின்றதில் துணைவியாருக்கு வியர்த்துவிட்டது. வண்டி குறித்த நிமிடத்தில் புறப்பட்டது. நடைமேடையில் சீருடை அணிந்த ஊழியர்கள் விறைப்பாக நின்று வணக்கம் செலுத்தினர். நாங்கள் எழுந்து நின்று பதில் வணக்கம் செய்தோம்; மகள் எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

எதிர் இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். வோய் என்னும் ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. விடுமுறைக்கு நைரோபியில் தம் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மகள் சாளரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சிங்கமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். சாவோக் காட்டின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தும் தாம் சிங்கத்தைப் பார்த்தது இரண்டே முறைதான் என்றார். பிறகு மகளுக்கு ஆசிரியை ஆகிவிட்டார். பெரியோரைக் கண்டால் "ஷிகமூ" என்று சொல்ல வேண்டும். உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன் என்பது அதன் பொருள். அவர்கள் "மராஹபா" என்று ஏற்றுக்கொள்வார்கள் என்று கற்றுத் தந்தார். நம் வீடுகளில் காலில் விழுந்து வணங்கும் வழக்கத்தை மகள் சொன்னாள். அவருடைய பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டு மொழி ஒன்று, சுவாகிலி, ஆங்கிலம் என மூன்று மொழிகளாம். "எனக்கும் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம்" என்று எங்கள் மகள் நான்கு விரல்களைக் காட்டினாள். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து மந்தாசி என்னும் பொரித்த பண்டத்தைக் கொடுத்தார். இனிப்புக் குறைந்த அதிரசம்போல் இருந்தது. நாங்கள் புளியோதரையை நீட்டினோம். அவர் அதனை மிகவும் விரும்பி உண்டார்.

அவ்வாண்டு கடைசியில் அங்கே பெருமழை பெய்திருந்தது. எம்டிட்டோ அந்தேயைத் தாண்டியபின் இருபுறமும் பச்சை. சிவந்த மண்ணில் புரண்ட யானைகள் செங்கல் நிறத்தில் நின்றன. பாதையை மேட்டிலும் தூண்களின் மேலும் கட்டி, அடியில் விலங்குகள் கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். எட்டு யானைகளையும் எங்களுக்காக எண்ணியவர் அந்த ஆசிரியையே.

பேச்சுவாக்கில் எங்கள் ஊரை விசாரித்தார். மும்பைக்குப் பக்கம் என்றோம். "என் தம்பி புனேயில் மூன்று ஆண்டுகள் படித்தான்" என்று அவர் முகம் மலர்ந்தது. வடா-பாவ் இல்லாமல் இப்போதும் அவனுக்கு முடியாதாம். இந்திச் சினிமாப் பாட்டெல்லாம் மனப்பாடமாம். "எல்லாம் நல்ல ஊர்தான். வீடு மட்டும் கிடைக்காது. தொலைபேசியில் கேட்டால் வீடு காலியாக இருக்கும். நேரில் போய் நின்றால் இராது. மூன்று ஆண்டில் ஐந்து வீடு மாறினான். ஒரு கட்டிடத்தில் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு வெளியேற்றினார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். குறையாகச் சொல்லவில்லை. தம்பி பட்ட வேடிக்கைகளில் ஒன்றாகவே சொன்னார்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஆப்பிரிக்க மாணவர் இருவர் குடிவந்தனர். கல்லூரிக்குப் போவார்கள், வருவார்கள். மாடிப்படியில் எங்கள் மகளைக் கண்டால் புன்னகை செய்வார்கள். இரண்டாம் மாதத்தில் குடியிருப்போர் சேர்ந்து வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினர். குடும்பங்கள் இருக்கும் இடம், பெண் குழந்தைகள் இருக்கும் இடம் என்று அதில் எழுதியிருந்தது. அவ்விருவரும் செய்த குற்றம் ஒன்றும் அதில் எழுதப்படவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மற்றவர்கள் போட்டிருக்கிறார்களே என்று நாங்களும் கையெழுத்திட்டோம். எங்கள் மகள் பேனா எடுத்துக் கொடுத்தாள். இதே மாநிலத்தில் நமக்கு வீடு கேட்டு அலைந்த நம் பெரியவர்களை, 1960களில் தென்னாட்டவர் என்று சொல்லி மும்பைத் தெருக்களில் எப்படி நடத்தினார்கள் என்று நாம் சங்கக் கூட்டங்களில் பேசாத ஆண்டு இல்லை. அந்தக் கையெழுத்துப் போட்ட அன்று அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

மகள் எங்கள் பக்கம் திரும்பி, தமிழில், "அப்பா, நம் மூன்றாம் மாடி அண்ணன்மாரும் இந்த ஊரா?" என்று கேட்டாள். "தெரியாது" என்றோம். அது உண்மையே, எந்த நாடு என்று அன்று நாங்கள் கேட்டதே இல்லை. ஆசிரியை ஆவலுடன், "குழந்தை என்ன கேட்கிறாள்?" என்றார்.

"சாவோ பாலம் எப்போது வரும் என்று கேட்கிறாள்" என்றோம்.

எங்கள் மகளுக்கு ஆங்கிலம் எங்களைவிட நன்றாக வரும். எங்களைத் திருத்த ஒரு வாக்கியம் போதும். அவள் திருத்தவில்லை. கையில் இருந்த மந்தாசியைக் கீழே வைத்தாள். ஆசிரியை பாலத்தைப் பற்றி அன்போடு விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் தலையசைத்துக்கொண்டிருந்தோம். வோய் நிலையத்தில் இறங்கும்போது தம் பள்ளியின் முகவரியை மகளின் குறிப்பேட்டில் எழுதி, "உன் நான்கு மொழியிலும் எனக்குக் கடிதம் எழுது" என்றார். மகள் எழுந்து நின்று, "ஷிகமூ" என்றாள். "மராஹபா" என்று அவர் அவள் தலையைத் தொட்டார்.

மொம்பாசாவில் பத்து நாட்கள் இருந்தோம். போர்த்துக்கீசியர் 1593 முதல் 1596 வரை கட்டிய இயேசுக் கோட்டை, பவளக்கல் சுவர்களும் செதுக்கிய கதவுகளும் கொண்ட பழைய நகரத்துச் சந்துகள், நடந்து வருவோரைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்லும் லிக்கோனிப் பரிசில் எல்லாம் கண்டோம். பரிசிலில் ஒரே தடவையில் ஓராயிரம் பேருக்குக் குறையாமல் ஏறுவதாகத் தோன்றியது. கல்யாண் வண்டிக்குப் பழகிய எங்களுக்கு அங்கே மிகவும் சொந்த ஊர் உணர்வு ஏற்பட்டது. தங்கை வீட்டுத் தெங்குகளும் உப்புக் காற்றும் நாகப்பட்டினத்தை நினைவூட்டின. பக்கத்து வீட்டுக் குஜராத்தி வணிகர் நான்காம் தலைமுறை. 2017ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் இந்திய வழியினரை நாட்டின் 44ஆம் இனமாக அறிவித்ததைப் பெருமையோடு சொன்னார். "அவர்கள் நம்மை எண்ணிக்கொண்டார்கள்" என்றார். எங்கள் மகள் எங்களைப் பார்த்தாள்.

தங்கை வீட்டிலும் ஒன்று நடந்தது. வாயில் காவலரைக் குறித்து மைத்துனர், அவர் எதிரிலேயே, "அந்தக் கறுப்பனிடம் சாவியைக் கொடு" என்று தமிழில் சொன்னார். கெட்ட மனம் படைத்தவர் அல்லர். காவலரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுபவர். மகள், "மாமா, அவருக்குப் பெயர் இருக்கிறது. நான் கேட்டேன்" என்று பெயரைச் சொன்னாள். மைத்துனர் சிரித்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் பெயர் சொல்லித்தான் அழைத்தார். தங்கை எங்களைத் தனியே அழைத்து, "அண்ணா, குழந்தை ஏன் இப்படிப் பெரியவர்களிடம் பேசுகிறாள்?" என்று வருந்தினாள். எங்களுக்குச் சொல்ல விடையில்லை.

புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன் மகள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து எங்களிடம் தந்தாள். "படித்துவிட்டு அஞ்சல்தலை வாங்கித் தாருங்கள்" என்றாள். தமிழில் ஒரு வரி, மராத்தியில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி, மீதியெல்லாம் ஆங்கிலம். மந்தாசி நன்றாக இருந்தது, யானைகளை நினைவில் வைத்திருக்கிறேன் என்ற பிறகு, வண்டியில் தான் தமிழில் கேட்டது என்ன என்பதும், மூன்றாம் மாடி மாணவர்களைப் பற்றியும், கையெழுத்தைப் பற்றியும், பேனாவைத் தானே எடுத்துக் கொடுத்ததையும் எழுதியிருந்தாள். எங்கள் பொய்யைப் பொய் என்று எழுதவில்லை. "அப்பா அதைச் சொல்ல வெட்கப்பட்டார்" என்று மட்டும் எழுதியிருந்தாள். துணைவியார் இரண்டு முறை படித்துவிட்டு, "கிழித்துவிடாதீர்கள்" என்றார்கள். உண்மையைச் சொன்னால், ஓர் இரவு முழுவதும் அக்கடிதம் எங்கள் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் மொம்பாசா அஞ்சலகத்திற்குச் சென்றோம். அந்நாட்டில் தபால்காரர் வீடு தேடி வருவதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் நிறுவனத்திற்கும் அஞ்சலகத்தில் எண் போட்ட பெட்டி இருக்கும். அவர்களே போய் எடுத்துக்கொள்வார்கள். பள்ளி திறக்க ஜனவரி ஆகும். உறையின் பின்பக்கத்தில் எங்கள் கல்யாண் முகவரியை எழுதி, மகளின் பெயருக்குக் கீழே எங்கள் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டோம்.

2024 பிப்ரவரியில் மறுமொழி வந்தது. மஞ்சள் பை எப்படித் தைப்பது என்று தம் பள்ளிக் குழந்தைகள் கேட்பதாகவும், புளியோதரை செய்யும் முறையை உங்கள் தாயாரிடம் கேட்டு அனுப்பு என்றும் எழுதியிருந்தார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் மட்டும் ஒரு கேள்வி: "அந்த இருவருக்கும் பிறகு வீடு கிடைத்ததா?"

நாங்கள் வீட்டு உரிமையாளரிடம் போனோம். அவர் முதலில் வியந்தார். பிறகு பழைய வாடகை ஒப்பந்தங்களைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். ஒருவர் தான்சானியா, மற்றவர் மலாவி. பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இருந்தன. போன இடம் அவருக்குத் தெரியவில்லை. அதில் இருந்த கைப்பேசி எண்ணை அழைத்தோம். அது இப்போது அம்பர்நாத்தில் ஒரு பால் கடைக்காரருடையதாக இருக்கிறது. எங்கள் மகள் நிலப்படத்தை விரித்து மலாவியைக் கண்டுபிடித்தாள். புளியோதரை செய்முறையை ஒரு தாளிலும், இதனை இன்னொரு தாளிலுமாக எழுதி அனுப்பினோம். இரண்டாவது தாளை நாங்களே எழுதினோம்.